'நல்லா இருக்கேன்' என்று சொல்லும் நாம்

(வெள்ளி விழா ஆண்டில், நம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் நடத்திய சுகாதார ஞாயிறன்று பேசியது)

முன்வரிசையில் உட்கார்ந்து என் கையில் இருக்கும் பையையே பார்த்துக்கொண்டிருக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, பயப்பட வேண்டாம். பைக்குள் ஊசி இல்லை.

ஆயர் ஐயா என்னை அழைத்து, "ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு இருபது நிமிஷம் பேசுங்கம்மா" என்றார்கள். இருபது நிமிஷம் நிற்பது எனக்குப் பெரிய காரியம் இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் நின்று பழகிய கால்கள் இவை. பேசுவதுதான் கஷ்டம். ஆகவே பாடமாக எதுவும் எடுக்காமல், எனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு, அதிலிருந்து உங்களுக்கு உபயோகமானதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆராதனை முடிந்து வாசலில் கை கொடுக்கும்போது நாம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறோம். "எப்படி இருக்கீங்க?" "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன்." அது நன்றியோடு சொல்லுகிற வார்த்தை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் நம்மில் பலர் எதை எதையெல்லாம் ஒளித்து வைக்கிறோம் என்பது, கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்கிற எனக்குக் கொஞ்சம் தெரியும். நானும் ஒளித்து வைத்தவள்தான்.

நான் செவிலியர் பயிற்சி பெற்றது கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூரில். 1838இல் தொடங்கிய மருத்துவ ஊழியம் அது. முதல் வருஷத்தில் எங்கள் மூத்த சிஸ்டர் ஒருவர் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல்லின் கதையைச் சொன்னார்கள். பிள்ளைகளே, இது உங்களுக்காக. சோமர்வெல் இந்த நாட்டுக்காரர், கெண்டல் என்ற ஊரில் பிறந்தவர், நல்ல அறுவை மருத்துவர், நல்ல மலையேறி. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தார். அது முடிந்தபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் ஆஸ்பத்திரிக்கும் போனார். அங்கே இருந்த நோயாளிகளின் கூட்டத்தையும், அதற்கு இருந்த மருத்துவர்களின் எண்ணிக்கையையும் பார்த்தார். லண்டனில் தனக்குக் காத்திருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு நெய்யூரிலேயே ஊழியம் செய்ய வந்துவிட்டார்.

1924இல் மறுபடியும் எவரெஸ்ட் போனார். 28,000 அடி உயரம் வரை ஏறிவிட்டு இறங்கும்போது, குளிரில் கருகிப்போன தொண்டையின் உள்தோல் உரிந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டது. கூட வந்த நார்ட்டன் முன்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். இவர் கூப்பிடப் பார்க்கிறார், சத்தம் வரவில்லை. பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக ஒருமுறை இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தினார், அடைத்திருந்தது வெளியே வந்தது, பிழைத்தார். பிழைத்து மறுபடியும் நெய்யூருக்கே வந்து, எத்தனையோ பேரின் தாத்தா பாட்டிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்.

அந்த வயதில் எனக்கு அது ஒரு வீர சாகசக் கதை. இப்போது யோசிக்கும்போது, பத்து அடி முன்னால் போகிற ஆளுக்குத் தன் நிலைமையைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்த மருத்துவர்தான் கண்முன் நிற்கிறார். அவருக்குச் சத்தம் வரவில்லை. நமக்குச் சத்தம் நன்றாகவே வருகிறது.

2004இல் நான் இங்கிலாந்துக்கு வந்தேன். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிற நர்சுகளுக்கு அடாப்டேஷன் என்று சில மாதம் மேற்பார்வையில் வேலை பார்க்கவேண்டும். அதற்குப் பின்தான் பதிவு எண் கிடைக்கும். ஊரில் வார்டையே நடத்திய நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். முதல் வாரம் ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி" என்றார்கள். காசு செலவழிக்க வேண்டும் என்கிறார்கள் போல என்று நினைத்து அலமாரி முழுவதும் அவர்கள் கைப்பையைத் தேடினேன். அந்த அம்மா கேட்டது கழிவறை. நான் பையோடு திரும்பி வந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள் சிரிக்கிறீர்கள். அன்றிரவு நான் சிரிக்கவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன். மறுநாள் அம்மாவிடம் போனில் "நல்லா இருக்கேன்" என்றேன். யாரிடமிருந்து அந்தப் பழக்கம் வந்தது என்று இனிமேல் சொல்கிறேன்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அப்பா போனபின் ஊரில் தனியாகத்தான் இருந்தார்கள். தம்பி மஸ்கட்டில், நான் இங்கே. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆராதனைக்குக் கிளம்பும் முன் போன் செய்வேன். "மருந்து வாங்கியாச்சா?" என்று தவறாமல் கேட்பேன். "வாங்கியாச்சு மக்ளே. நான் நல்லா இருக்கேன் கேட்டியா. நீ உனக்க ஒடம்பப் பாரு" என்பார்கள்.

2016 பெப்ரவரியில் ஒரு நைட் டியூட்டி. அதிகாலை மூன்று நாற்பதுக்குத் தம்பி கூப்பிட்டான். ஊரில் அப்போது காலை ஒன்பது தாண்டியிருந்தது. பால் கொண்டுவந்த பெண் தட்டிப் பார்த்து, கதவு திறக்காததால் ஆளைக் கூட்டி உடைத்திருக்கிறார்கள். அம்மா கட்டிலுக்குக் கீழே கிடந்தார்கள். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயிருந்தது. எப்போது விழுந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் அந்த நேரத்தில் வேறொரு வீட்டின் அம்மாவுக்கு முதுகில் புண் வராதபடி புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் விடுப்பு கிடைத்தது. ஊருக்குப் போய் வீட்டை ஒதுங்கவைக்கும்போது, அலமாரியில் அப்பாவின் பழைய பாமாலைப் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. ரப்பர் பாண்டு போட்டுக் கட்டிய மாத்திரை அட்டைகள். ஆறு மாத மாத்திரை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு கட்டிலும் கடை ரசீது.

அம்மா பொய் சொல்லவில்லை, பிரியமானவர்களே. "வாங்கியாச்சா" என்று கேட்டேன், வாங்கியிருந்தார்கள். "சாப்பிட்டாச்சா" என்று நர்சாகிய நான் ஒருநாளும் கேட்கவில்லை.

ஏன் சாப்பிடவில்லை என்று பின்னால் அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தலைவலி நின்றுவிட்டது, இனிமேல் எதற்கு மாத்திரை என்று நினைத்திருக்கிறார்கள். அதோடு, இந்த மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் கிட்னி கெட்டுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் இந்தச் சபையிலேயே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆகவே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த வலியும் தராது. தலைவலி இல்லை என்பதால் அழுத்தம் இல்லை என்று அர்த்தமில்லை. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத அழுத்தம். அதன் உள்ளே இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்கள் வருஷக்கணக்கில் அந்த அடியைத் தாங்காமல் கெட்டுப்போகின்றன. மாத்திரை அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான். சில மாத்திரைகள் தொடங்கும்போது கிட்னி எப்படி இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதைக் கேட்டதும் "பார்த்தியா, கிட்னிக்குக் கெடுதல்னு அவங்களே டெஸ்ட் பண்றாங்க" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காரில் போகும்போது கண்ணாடியைப் பார்த்து ஓட்டுவதுபோல அது ஒரு கவனம்.

அம்மா எட்டு மாதம் அப்படியே இருந்தார்கள். மூன்று வாரம் முடிந்ததும் நான் திரும்பி வந்துவிட்டேன். அதை எப்படிச் சொன்னாலும் நன்றாக இராது, ஆகவே அப்படியே சொல்கிறேன். வேலை, வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள். வந்துவிட்டேன்.

அம்மாவைப் பார்த்தவர்கள் ஊர்ச் சபைப் பெண்கள். ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தோம். ஆனாலும் கஞ்சி கொடுக்க, தலை குளிப்பாட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பேச என்று அவர்களாகவே கிழமை முறை வைத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை கிழக்கு வீட்டுச் சித்தி. வேலித் தகராறில் அம்மாவோடு பதினொரு வருஷம் பேசாதவர்கள். ஒருநாள் போனில் அவர்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கி என்னால் முடிக்க முடியவில்லை. "நீ அங்க ஆருக்க அம்மையவோ பாக்குத. ஒனக்க அம்மைய நாங்க பாக்கோம். அதுல என்ன மக்ளே இருக்கு" என்று சொல்லிவிட்டு, சோறு அடுப்பில் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்கள். அக்டோபரில் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

அடுத்த வருஷம் அறுப்பின் பண்டிகையன்று, நம் ஹாலில் தேநீர் கெண்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு இரண்டு மெஷின் வைத்தேன். ஏன் என்று பலர் கேட்டீர்கள். "சும்மா ஒரு சேவை" என்றேன். இன்றைக்குத்தான் முழுக் காரணத்தைச் சொல்கிறேன்.

யாருக்கு எவ்வளவு இருந்தது என்று இங்கே சொல்ல மாட்டேன். அந்த நோட்டு என் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. நிறையப் பேருக்கு நன்றாக இருந்தது. சிலரை மறுநாளே டாக்டரிடம் போகச் சொன்னேன். ஒருவரை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஐக்கிய விருந்தில் ஊறுகாய், கருவாட்டுப் பொரியல், அப்பளம் மூன்றும் ஒரே தட்டில் வேண்டாம் என்று நான் சொல்லப்போய், சமையல் குழுவோடு கொஞ்ச நாள் மனஸ்தாபம்கூட ஆனது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமாக 6 கிராம் உப்பு, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அதற்குள் சோறு, குழம்பு, பிரெட், பிஸ்கட் எல்லாம் அடங்கவேண்டும். கருவாடு எனக்கும் பிடிக்கும். அதனால்தான் சொல்கிறேன்.

மெஷினின் பொத்தானை அழுத்தும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தேன். 2022இல், கொரோனாவுக்குப் பிறகு மறுபடியும் மேசை போட்ட முதல் ஞாயிறு. எட்டு வயதுத் தம்பி ஒருவன், இப்போதும் முன்வரிசையில்தான் இருக்கிறான், எல்லோருக்கும் அழுத்தி முடித்துவிட்டு, "ஆன்ட்டி, உங்களுக்கு யாரு பாக்குறது?" என்று கேட்டான்.

நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. அந்த வருஷம் மூத்த மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். வீடு ஒரு மாதிரி இருந்தது. கடனை அடைக்கலாம் என்று கூடுதல் ஷிப்ட் எடுத்திருந்தேன். ராத்திரியில் வியர்த்து விழித்துக்கொள்வேன். நாற்பத்தைந்தை நெருங்கும் அக்காமாருக்கு அது என்னவென்று தெரியும். படபடப்பு, சோர்வு எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிட்டேன். தம்பி விடவில்லை, பட்டையைச் சுற்றினான். 172க்கு 104.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றேன். அவன் யோசித்துவிட்டு, "மத்த எல்லார் கையிலயும் சரியாதானே இருந்திச்சு, ஆன்ட்டி?" என்றான்.

ஐந்து நிமிஷம் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். 168க்கு 102. டாக்டரிடம் போனேன். ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் பார்த்து எழுதி வரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாங்கினேன். நான்கு நாள் அது கைப்பைக்குள் அப்படியே இருந்தது. அம்மாவின் அட்டைகளை என் கையால் எடுத்தவள் நான், எனக்கே நான்கு நாள் ஆயிற்று. யாராவது "மாத்திரை தொடங்கத் தயக்கமாக இருக்கிறது" என்று வந்தால் இப்போதெல்லாம் நான் கண்டிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

தொடங்கின பிறகு வறட்டு இருமல் வந்தது. பாடகர் குழுவில் ஆல்ட்டோ வரிசையில் யார் இருமுகிறார்கள் என்று ஆர்கன் வாசிக்கிற அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். அந்த வகை மாத்திரையில் சிலருக்கு அப்படி வரும். நானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னேன், வேறு வகைக்கு மாற்றினார்கள், இருமல் நின்றது. மாத்திரையில் தொந்தரவு இருந்தால் வழி உண்டு. நீங்கள் சொன்னால்தான் மாற்ற முடியும்.

இப்போது, நான் மேசையில் தனித்தனியாகச் சொல்வதை ஒருமுறை எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம் பார்க்கும் முன் அரை மணி நேரம் தேநீரோ காப்பியோ வேண்டாம். கழிவறை போய்விட்டு வாருங்கள். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். இதுதான் நமக்கு ரொம்பக் கஷ்டம். முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் 140க்கு 90, வீட்டில் 135க்கு 85, அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் நாற்பது முடிந்தவர்களுக்குப் பல மருந்துக்கடைகளிலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். 40 முதல் 74 வயது வரை, ஏற்கனவே இப்படிப்பட்ட வியாதி இல்லாதவர்களுக்கு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்எச்எஸ் முழுப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துத் தூரப் போடாதீர்கள். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு, ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும், சர்க்கரை வியாதி சீக்கிரமே வருகிறது. ஆகையால் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, இது உங்களுக்கு. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ அம்மாவோ அப்பாவோ, சிரித்தால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே விழுகிறதா, பேச்சு குழறுகிறதா, இதில் ஒன்று இருந்தாலும் உடனே 999. யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். ஆயருக்குப் பிறகு சொல்லலாம், அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த ஒரு மணிக்கணக்குதான் என் அம்மாவுக்கு யாருக்கும் தெரியாமல் போனது.

ஜெபிக்காமல் மாத்திரை மட்டும் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் ஜெபித்துவிட்டுத்தான் போடுகிறேன். எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழே படுத்து, சாகவேண்டும் என்று கேட்ட இடத்தை வாசிக்கும்போதெல்லாம், நர்சாக எனக்கு ஒன்று கண்ணில் படும். தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், எழுப்பி மறுபடியும் சாப்பிடக் கொடுத்தான். நல்ல வார்டு சிஸ்டர் செய்கிற வேலை அதுதான்.

எனக்குக் கொடுத்துதான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை. 2020 ஏப்ரலில், கொரோனா வார்டில் வேலை பார்த்துவிட்டு மாடி அறையில் தனியாக இருந்தபோது, உங்களில் பலர் வாசலில் சாப்பாடு வைத்துவிட்டுப் போனீர்கள். "வேண்டாம், எங்களுக்கு இருக்கிறது" என்று ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பினேன். அதையும் மீறி ஒரு அக்கா வைத்துவிட்டுப் போன இட்லியைப் படியில் உட்கார்ந்து ஆறிப்போனபின் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக இருந்தது என்று அவர்களிடம் இதுவரை சொல்லவில்லை. அக்கா, பின்வரிசையில் இருக்கிறீர்கள். சட்னியும் நன்றாக இருந்தது.

அந்த 172க்குப் பிறகு கூடுதல் ஷிப்ட்டை விட்டுவிட்டேன். கடன் இரண்டு வருஷம் தள்ளிப் போகும், போகட்டும். மேசையையும் நான் ஒருத்தியே பார்க்காமல், மூன்று பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். முதலில் கொடுக்க மனமில்லை. நான் இல்லாத ஒரு மாதம் அவர்கள் நோட்டை என்னைவிட ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள், அதற்குப் பிறகு பேச்சில்லை.

அடுத்த மேசை வருகிற இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்தவுடன். தேநீர் குடிக்கும் முன் வாருங்கள். இறுக்கமான கைச்சட்டை போட்டுவராதீர்கள். கை பருமனாக இருக்கிறவர்களுக்குப் பெரிய பட்டை இருக்கிறது, வெட்கப்படாமல் கேளுங்கள். சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையையும் கொண்டுவாருங்கள். வாங்கியாச்சா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். என்னுடையதும் அங்கே இருக்கும். முன்வரிசைத் தம்பி இப்போது பத்து வயதுக்காரன், பெரிய உத்தியோகஸ்தன்போல நோட்டைத் திறந்து முதல் வரியில் என் பெயரைத்தான் எழுதுவான்.